நட்ட கன்று தளர்ந்தால் எங்கே பார்ப்பது? தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்துக்கு அறிகுறி வாரியாக

அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ வாங்கி, வேலி போட்டு, கொஞ்சம் மா, நாலைந்து தென்னை, வீட்டுக்கு ஒரு எலுமிச்சை, ஓரத்தில் வேம்பும் புங்கமும் வைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் இரண்டு மாவட்டத்திலும் இளங்கன்று கெட்டுப்போகும் காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். மேலே ஒரு அடி செம்மண், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே சுக்கான் (இறுகிய சுண்ணாம்புக் கல் அடுக்கு) அல்லது பாறை. பாய்ச்சுவது உப்பு ஏறிய போர் தண்ணீர். போதாததற்கு ஆடு.

இலை வாடியதும் ஒரு இலையைப் பறித்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவதுதான் வழக்கமாக நடக்கிறது. கடைக்காரரும் ஏதோ ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். ஆனால் நான் போய்ப் பார்த்த கன்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு இலையில் இல்லை. மண்ணுக்கு அடியில் இருந்தது, இல்லையென்றால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் இருந்தது. அதனால் கீழே எந்த அறிகுறிக்கும் முதலில் தோண்டிப் பார்க்கத்தான் சொல்வேன். மருந்து கடைசியில் வரும், பல நேரம் வராமலே போகும்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: ஒரு சின்னக் கத்தி, கைக்கொத்து, கடப்பாரை, ஒரு வாளி. எந்தக் கன்றுக்கும் முதலில் மூன்று சோதனை. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாகக் காய்ந்திருந்தால் அதற்குக் கீழே சுரண்டிக்கொண்டே வாருங்கள், பச்சை எங்கே தொடங்குகிறதோ அதுவரை மரம் உங்களுடையது. அடுத்து, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி அரை அடி ஆழம் தோண்டி மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். மூன்றாவது, தண்டைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

## அறிகுறி: கன்று வாடுகிறது

எந்த நேரத்தில் வாடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

### காலையில் நிமிர்ந்து நின்று மதியம் மட்டும் தொங்கினால்

பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு வருடம் ஆகாத கன்று மதியம் தளர்வது நோய் அல்ல. சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் விட்டுவிடுங்கள். மதியம் வாடியதைப் பார்த்து அப்போதே குடம் குடமாக ஊற்றுவதுதான் தப்பு. காய்ந்த புல், கடலைத்தோல், தென்னை மட்டை எது கிடைக்கிறதோ அதை நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள்; தண்டைத் தொடாமல் ஒரு சாண் வட்டம் விடுங்கள். மேற்குப் பக்கம் இரண்டு கழி நட்டு, பச்சை வலையையோ தென்னங்கீற்றையோ கட்டினால் போதும். நாலு பக்கமும் மூடிக் கட்டாதீர்கள், உள்ளே வெந்துபோகும்.

### காலையிலும் தொங்குகிறது, தோண்டினால் மண் காய்ந்திருக்கிறது

"தினமும் சொட்டுநீர் ஓடுதுண்ணா, எப்படிக் காயும்?" என்று கேட்பார்கள். காயும். நம் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். தண்ணீர் சொட்டும் டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும், வெளியே பார்த்தால் சொட்டுவது போலவே இருக்கும். அளந்து பார்த்தால்தான் தெரியும். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் என்றால் ஒரு லிட்டர் பாட்டில் 15 நிமிடத்தில் நிறைய வேண்டும். அரை மணி நேரம் ஆகிறதென்றால் உங்கள் கன்று இத்தனை நாளாகப் பாதித் தண்ணீரில் கிடக்கிறது. டிரிப்பரைக் கழற்றி வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுக் கழுவிப் பாருங்கள். லேட்டரல், அதாவது டிரிப்பர் மாட்டியிருக்கும் குழாய், முழுக்க அடைத்திருந்தால் அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். அதை நீங்களே செய்ய வேண்டாம், சொட்டுநீர் போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

டிரிப்பர் சரியாக இருந்தால் அது எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். சரளை மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாது, நேராகக் கீழே இறங்கிவிடும். தண்டுக்கு ஒரு பக்கம் ஒரே ஒரு டிரிப்பர் இருந்தால் அந்தப் பக்க வேர் மட்டும் குடிக்கும். இரண்டாவது வருடத்திலிருந்து இரண்டு பக்கமும் வையுங்கள், தண்டிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி.

இதில் யாரும் எளிதில் பிடிக்க முடியாத ஒரு கோளாறு உண்டு. குழி மண் ஈரமாக இருக்கும், வேரைச் சுற்றிய மண் மட்டும் காய்ந்திருக்கும். நர்சரிப் பையில் இருந்த மண் பல நேரம் இறுகிய களிமண்ணாக இருக்கும். நட்ட பிறகு அது நன்றாகக் காய்ந்துவிட்டால், சுற்றியுள்ள பொலபொல மண் தண்ணீரைக் குடித்துவிடும், நடுவில் இருக்கும் அந்தக் கட்டி நனையவே நனையாது. கத்தியைத் தண்டுக்கு நாலு விரல் தள்ளிச் செங்குத்தாக இறக்குங்கள். இறங்க மறுத்தாலோ, நுனியில் புழுதி ஒட்டி வந்தாலோ இதுதான். மெல்லிய கம்பியால் அந்தக் கட்டியில் பல இடத்தில் குத்தி, இரண்டு வாளித் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மணி நேரம் எடுத்து ஊற்றுங்கள். பிறகு ஒரு வாரத்துக்கு டிரிப்பரைத் தண்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, அப்புறம் நகர்த்திக்கொள்ளலாம்.

### காலையிலும் தொங்குகிறது, ஆனால் மண் சொதசொத என்று இருக்கிறது

இந்தப் பக்கத்தில் தண்ணீர் இல்லாமல் செத்த கன்றை விடத் தண்ணீர் நின்று செத்த கன்று அதிகம் என்று நினைக்கிறேன். காரணம் குழி. மாவுக்கு மூன்றடி நீள அகல ஆழம் என்பது பாடம். நம் நிலத்தில் இரண்டடியில் பாறையோ சுக்கானோ வந்துவிடும். ஜேசிபி வைத்து அதிலேயே நோண்டி, எருவும் வண்டல் மண்ணும் நிரப்பி நட்டுவிடுகிறோம். அது குழி இல்லை, அடியில் ஓட்டையில்லாத பூந்தொட்டி. ஐப்பசி மழையில் நிறையும், வேர் அழுகும். வாடுவதோ தை மாதம்தான் கண்ணில் படும். மழையை அதற்குள் மறந்திருப்போம்.

சோதனை எளிது. கன்றுக்கு இரண்டடி தள்ளி, குழி ஓரத்தில் ஒரு அடி ஆழம் தோண்டி, வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் வாளி இறங்கியதும் இரண்டாவது வாளி. ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். தண்ணீர் நின்றிருந்தால் சந்தேகமே வேண்டாம். தோண்டிய மண்ணை முகர்ந்தும் பாருங்கள். சாக்கடை வாடை அடித்தால் வேர் மூச்சுவிட்டு நாளாகிவிட்டது.

செய்ய வேண்டியவை, செலவு குறைந்ததிலிருந்து. தண்ணீரை நிறுத்துங்கள், மூடாக்கை விலக்குங்கள், வெயில் படட்டும். சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் குழியின் அடி வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டி உடைத்துவிடுங்கள். சரிவான நிலத்தில் இது ஒன்றே போதும். சமதளமாக இருந்தால் குழி ஓரத்தில் கடப்பாரையால் சுக்கானைக் குத்தி ஓட்டை போட்டு, அதில் ஜல்லி நிரப்புங்கள். சுக்கான் பெரும்பாலும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் கனம்தான். அடியில் மொறமொறப்பான மண் வந்துவிடும். கடப்பாரை துள்ளித் திரும்பினால் அது சுக்கான் இல்லை, பாறை. அங்கே கன்றை எடுத்து, தரைக்கு மேலே ஒன்றரை அடி மேடு போட்டு அதன் மேல் நட வேண்டும். பாறையை உடைக்கும் யோசனை வந்தால் கம்பிரசர் வைத்து வேலை செய்பவரைக் கூப்பிட்டு விலை கேளுங்கள். விலையைக் கேட்டதும் மேடு போடும் யோசனை பிடித்துவிடும். வெடி வைப்பது உரிமம் உள்ளவர் வேலை, பேச்சே வேண்டாம்.

### ஈரம் சரியாக இருக்கிறது, ஆனால் அசைத்தால் ஆடுகிறது

வேர் இல்லை என்று அர்த்தம். மெதுவாக மண்ணை விலக்கிப் பாருங்கள். பாலிதீன் பை அப்படியே இருக்கிறதா? சிரிக்க வேண்டாம், கூலிக்கு ஆள் விட்டு ஒரே நாளில் நட்ட தோட்டங்களில் இது அடிக்கடி வரும். பை இருந்தால் கிழித்து எடுத்து, சுற்றி வளைந்த வேரைக் கத்தியால் இரண்டு மூன்று இடத்தில் செங்குத்தாகக் கீறிவிட்டு மண் அணையுங்கள். இலையில் பாதியைக் கிள்ளிவிடுங்கள், இருக்கிற வேர் அதைத்தான் தாங்கும்.

பை இல்லை, வேர் மொட்டையாக இருக்கிறது, மண்ணில் அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளைப் புழு கிடக்கிறது என்றால் வேர்ப்புழு. கோடை மழை பெய்த அன்று ராத்திரி மண்ணிலிருந்து கிளம்பும் பழுப்பு வண்டின் குஞ்சு இது. அந்த வண்டுகள் முதலில் போய் உட்காருவது வேப்ப மரத்தில். மழை விட்ட முன்னிரவில் டார்ச்சோடு போய் வேப்பங்கிளையை உலுக்கி, விழுவதைச் சோப்புத் தண்ணீரில் போட்டால் அடுத்த ஆவணிக்குப் புழு குறையும். இப்போது இருக்கும் புழுவைக் கையால் பொறுக்குங்கள், கன்றுக்கு அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கு மண்ணில் கலந்துவிடுங்கள். மக்காத சாணியைக் குழியில் போட்டிருந்தால் புழுவுக்கும் கரையானுக்கும் நீங்களே சோறு போட்டிருக்கிறீர்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: ஒரே வாரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கன்றுகள் வரிசையாக வாடினால், வேரின் பட்டை உருவினால் கையோடு வந்தால், தண்டு மண்ணைத் தொடும் கழுத்தில் பழுப்பாக அழுகியிருந்தால் அது வேரழுகல் நோய். இனி யூகம் வேண்டாம். காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; தருமபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம். பாதி செத்த கன்று ஒன்றை வேர் மண்ணோடு எடுத்துக்கொண்டு போங்கள். முழுசாகச் செத்ததைக் கொண்டுபோனால் அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

## அறிகுறி: இலையின் நுனியும் ஓரமும் கருகுகிறது

வெயில் காய்ந்த மேற்குப் பக்க இலை மட்டும் கருகியிருந்தால் அனல் காற்று, விடுங்கள். எல்லாப் பக்கமும், அதுவும் முதிர்ந்த இலையில் நுனியிலிருந்து செங்கல் நிறத்தில் உள்ளே வந்தால் தொடர்ந்து படியுங்கள்.

கடைசியாக எப்போது உரம் போட்டீர்கள், எவ்வளவு பக்கத்தில்? யூரியாவைக் கைப்பிடி அள்ளித் தண்டடியில் போட்டால் பத்து நாளில் இப்படித்தான் ஆகும். நாலைந்து வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு அந்த வருடம் உரத்தையே மறந்துவிடுங்கள். பொட்டாஷ் போட்டிருந்தால் எந்தப் பொட்டாஷ் என்று மூட்டையைப் பாருங்கள். மியூரியேட் ஆப் பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது. ஓரம் கருகும் மாவுக்கு அது வேண்டாம், சல்பேட் ஆப் பொட்டாஷ் வாங்குங்கள். விலை அதிகம்தான், கன்றுக்கு வேண்டியதோ கொஞ்சம்.

உரமே போடவில்லை என்றால் தண்ணீர். பாத்தி ஓரத்தில் வெள்ளைப் பூத்திருக்கிறதா, வாளியின் உள்பக்கம் வரி வரியாக வெள்ளை படிகிறதா என்று பாருங்கள். தருமபுரித் தண்ணீர் என்றாலே எல்லோருக்கும் புளோரைடு ஞாபகம் வரும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கன்று விஷயத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சாதாரண உப்பை, அதாவது சோடியத்தையும் குளோரைடையும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது உப்பை மேல்மண்ணிலேயே சேர்த்து வைக்கும். நாலு நாளைக்கு ஒருமுறை வேருக்குக் கீழே இறங்கும் அளவுக்கு நிறைய விடுவது மேல். குழி அடியில் வடிகால் இருந்தால்தான் இது. இல்லையென்றால் முன் சொன்ன தொட்டிக் கதை.

தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். அரை மணி நேரம் மோட்டார் ஓடியபின், பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிடித்து, அன்றைக்கே மண் பரிசோதனை நிலையத்தில் சேர்த்துவிடுங்கள். அறிக்கையில் உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன் (EC) 2.25 dS/m-க்கு மேல் இருந்தால் மாவோடும் எலுமிச்சையோடும் மல்லுக்கட்டுவதில் பயனில்லை. நெல்லி, சப்போட்டா, தென்னை, இலந்தை என்று மாறிக்கொள்ளுங்கள். ஜிப்சம் போடலாமா என்பதையும் அந்த அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் போட்டார்கள் என்று மூட்டை இறக்காதீர்கள்.

## அறிகுறி: இலை மஞ்சளாகிறது

கீழ் இலையா, கொழுந்தா?

கீழ் இலை மட்டும் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தால் பசி, அல்லது தண்ணீர் தேக்கம். மண்ணைத் தோண்டி ஈரம் பார்த்துவிட்டு, தேக்கம் இல்லையென்றால் மக்கிய தொழு உரம் ஒரு கூடை.

கொழுந்து மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் வலைபோலத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறை. சுக்கான் மண்ணில், அதிலும் எலுமிச்சையிலும் கொய்யாவிலும் இதை நிறையப் பார்க்கலாம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அதனால் மண்ணில் போடுவதால் பெரிய பயன் இல்லை, இலையில் தெளிக்க வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், அதில் அரை மூடி எலுமிச்சைச் சாறு. சாயங்காலம் தெளியுங்கள், பத்து நாள் விட்டு இன்னொரு முறை. புதுக் கொழுந்து பச்சையாக வந்தால் சரி. பழைய இலை மாறாது, அதை எதிர்பார்க்காதீர்கள். குழியில் வெள்ளைக் கல் கலந்த மண்ணை நிரப்பியிருந்தால் இது வருடா வருடம் வரும் வேலை.

இலை சிறுத்து, கணு நெருங்கி, கொத்தாக நின்றால் துத்தநாகம் குறை. அதற்குத் துத்தநாக சல்பேட் 5 கிராம், அதில் பாதி அளவு தெளிந்த சுண்ணாம்பு சேர்த்து ஒரு லிட்டரில். இரும்புக் கரைசலையும் துத்தநாகக் கரைசலையும் ஒரே நாளில் கலந்து அடிக்க வேண்டாம்.

## அறிகுறி: துளிர் காணாமல் போகிறது

முதலில் வெட்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஆட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது. அது கடித்து இழுக்கும், அதனால் நுனி பிய்ந்து நார் தொங்கும். முயல் கடித்தால் கத்தியால் சீவியது போலச் சரிவாக இருக்கும், தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கும். முயலுக்கு அடித்தண்டைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்குக் கோழிவலை போதும். ஆட்டுக்கு மருந்து மேய்ப்பவரிடம் பேசுவது, அப்புறம் முள். வேலியோரம் கிளுவைப் போத்தை மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றிவிட்டால் மூன்றாவது வருடம் முள் வெட்டும் செலவு இல்லை. சாணியைக் கரைத்துத் துளிரில் தெளித்தால் ஆடு சில நாள் தொடாது, மழை வந்தால் திரும்பத் தெளிக்க வேண்டும்.

மாவில் இலை செடியில் இல்லை, காம்பில் துண்டு மட்டும் நிற்கிறது, தரையில் இளஞ்சிவப்பு இலைகள் கத்திரியால் நறுக்கியது போலக் கிடக்கின்றன என்றால் யாரும் விளையாடவில்லை. இலை வெட்டும் வண்டு. கிடக்கும் இலை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடு நரம்பில் ஊசி குத்திய மாதிரிப் புள்ளிகள் தெரியும். அங்கேதான் முட்டை. பெண் வண்டு முட்டை வைத்துவிட்டு இலையை வெட்டிக் கீழே தள்ளுகிறது. புழு அந்த இலைக்குள்ளேயே தின்று வளர்ந்து மண்ணுக்குள் போய்விடும். ஆகவே செடியில் மருந்தடிப்பதை விட முக்கியம், கீழே கிடப்பதைத் தினமும் பொறுக்கி எரிப்பது. துளிர் விடும் அந்த இரண்டு வாரம் பிள்ளைகளை ஏவினால் நடக்கும். அடுத்த துளிருக்கு முன்பே லிட்டருக்கு 30 மி.லி. வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கலாம்.

இளங்குருத்து மட்டும் தலை தொங்கிக் கறுத்திருந்தால் ஒடித்துப் பிளந்து பாருங்கள், உள்ளே புழு இருக்கும். காய்ந்த இடத்துக்கு நாலு விரல் கீழே வெட்டி எரியுங்கள். எலுமிச்சையில் பறவை எச்சம் போல ஒன்று இலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது எச்சம் இல்லை, பட்டாம்பூச்சிப் புழு. கையால் எடுத்தால் முடிந்தது. இலையில் வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து போனால் இலைத் துளைப்பான். அசிங்கமாகத் தெரியுமே தவிரக் கன்று சாகாது.

கன்றே பிடுங்கிக் கிடந்தால், மண் உழுதது போல இருந்தால் பன்றி. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் காட்டோரமாக இருப்பவர்களுக்கு யானையும் வரும். இந்த இரண்டுக்கும் வனத்துறையிடம்தான் போக வேண்டும், இழப்பீட்டு மனுவும் அங்கேதான். வேலியில் நேரடியாகக் கரண்ட் விடுவது குற்றம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. அதே வேலியில் மாடு மேய்க்கும் பையனும் சாகலாம்.

## அறிகுறி: தண்டில் கோளாறு

தண்டில் மண் பூச்சு ஏறுகிறது. கரையான். துணியால் துடைத்தெடுத்து, உள்ளே பட்டையைப் பாருங்கள். பட்டை முழுசாக இருந்தால் அது காய்ந்த செதிலைத்தான் தின்கிறது, பயப்பட வேண்டாம். தண்டைச் சுற்றி உள்ள காய்ந்த குச்சி, மட்டையை விலக்கி, வேப்பம் புண்ணாக்கு போட்டு ஈரம் காப்பாற்றினால் போதும். பட்டைக்குள் புகுந்திருந்தால், அதுவும் முழு வட்டமாக, புற்றுக்கு மருந்து ஊற்றுவதைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

தண்டு ஓரிடத்தில் இறுகி, மேலே பருத்து நிற்கிறது. கட்டிய கயிறு. நைலான் கயிறு என்றால் உள்ளே புதைந்தே போயிருக்கும். ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாடாவும் இதே வேலையைச் செய்யும். சந்தூர் பக்கம் போய் ஒட்டுக்கன்று வாங்கி வருபவர்கள், நட்ட அன்றே நாடா இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒட்டு நன்றாகக் கூடியிருந்தால் பின்பக்கம் பிளேடால் கீறிவிட்டால் தானே கழன்றுவிடும். ஊன்றுகழிக்குக் கட்ட பழைய சேலைக் கிழிசல், சணல், எட்டு வடிவில் தளர்வாக.

ஒட்டுக்குக் கீழே இருந்து துளிர் வருகிறது. அது நீங்கள் காசு கொடுத்த செந்தூராவோ பெங்களூராவோ இல்லை, அடியில் இருக்கும் நாட்டு மாங்கொட்டைச் செடி. தயங்காமல் அடியோடு கிள்ளுங்கள். விட்டால் அதுதான் மரமாகும், மேலே உள்ளது நாளடைவில் காயும். ஒட்டு இருக்கும் இடமே தெரியவில்லை, மண்ணுக்குள் போய்விட்டது என்றால் மண்ணை வாரி எடுத்து ஒட்டை வெளியே காட்டுங்கள்.

மேற்குப் பக்கப் பட்டை வெடித்து உரிகிறது. வெயில். சுண்ணாம்பு அடியுங்கள்.

பிசின் வடிகிறது. கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தமான மரம் தெரியும் வரை எடுத்துவிட்டு, போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் (தாமிர சல்பேட்) 100 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரும்புப் பாத்திரம் வேண்டாம், பிளாஸ்டிக் வாளி.

துளையும் மரத்தூளும். கொய்யாவிலும் மாவிலும் கிளை பிரியும் கவட்டில் நூலாம்படை போல மரத்தூள் ஒட்டியிருந்தால் பட்டை தின்னும் புழு. தூளைத் துடைத்து, துளையில் சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்துக் களிமண்ணால் பூசுங்கள். தண்டின் அடியில் பெரிய துளை இருந்து, தூள் கைப்பிடி அளவு கொட்டிக் கிடந்தால் தண்டு துளைப்பான். அதற்கும் இதே வைத்தியம்தான், ஆனால் துளை ஒன்றுக்கு மேல் இருந்தால் அலுவலரை வரச் சொல்லுங்கள். இளமரத்தில் உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்பது வெளியே தெரியாது.

## அறிகுறி: தென்னங்கன்றின் குருத்து

விரிந்த மட்டையில் விசிறி போல, கத்திரித்த மாதிரி முக்கோண வெட்டு இருந்தால் காண்டாமிருக வண்டு. குருத்தடியில் துளையைத் தேடி, வளைந்த முனை உள்ள கம்பியால் வண்டைக் குத்தி வெளியே எடுங்கள். பிறகு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து உள் மூன்று மட்டை இடுக்கிலும் போடுங்கள். உங்கள் எருக்குழியைக் கிளறிப் பாருங்கள். கட்டை விரல் கனத்தில் புழு இருந்தால் வண்டு வெளியூரிலிருந்து வரவில்லை.

நடுக்குருத்து வெளுத்துத் தொங்குகிறது, இழுத்தால் கையோடு வருகிறது, அடியில் நாற்றம் என்றால் குருத்தழுகல். மழைக்காலத்தில் வரும், பக்கத்துக் கன்றுக்கும் பரவும். அழுகியதைச் சுத்தமாக வெட்டி எடுத்து, மேலே சொன்ன போர்டோ பசையைப் பூசி, மழை உள்ளே போகாமல் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். அன்றைக்கே தோட்டக்கலை அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

## அறிகுறி: சாகவும் இல்லை, வளரவும் இல்லை

இரண்டு வருடமாக அதே உயரம். முதலில் புல்லை வெட்டுங்கள். கன்றைச் சுற்றி மூன்றடி வட்டத்தில் அருகும் கோரையும் இருந்தால் நீங்கள் ஊற்றும் தண்ணீர் அதற்குத்தான். பக்கத்து வரப்பில் தைல மரமோ பெரிய புளிய மரமோ இருக்கிறதா? நடுவில் மூன்றடி ஆழத்தில் ஒரு காடி வெட்டி வேரைத் துண்டியுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதைத் திரும்ப வெட்ட வேண்டியிருக்கும்.

இரண்டும் இல்லையென்றால் அடியைத் தோண்டிப் பாருங்கள். ஆணிவேர் பையின் அடியில் வளைந்து சுருண்டே நட்டிருந்தால் அந்தக் கன்று இப்படியேதான் நிற்கும். ஓரளவு வளர்ந்தாலும் ஆடிக்காற்றில் ஒருநாள் சாயும். பிடுங்கிவிட்டு ஆடிக்குப் பிறகு புதுக்கன்று நடுவது லாபம். இதை ஒப்புக்கொள்ள யாருக்கும் மனசு வராது; இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு மூட்டை உரம் என்று போகும். ஒட்டு மாங்கன்றின் விலையையும் இரண்டு வருடத் தண்ணீரையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தோட்டம் முழுக்க இப்படி நின்றால் மண் பரிசோதனை. மேல் ஒரு அடி தனியாக, அதற்குக் கீழ் ஒரு அடி தனியாக, நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து அரைக் கிலோ துணிப்பையில். போக முடியாதவர்கள் கிசான் கால் சென்டர் 1800-180-1551 எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். ஆனால் மண்ணைப் பார்க்காமல் அவர்களும் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

## அறிகுறி: முதல் வருடமே பூத்துவிட்டது

ஒட்டுக்கன்று தை மாதம் பூத்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், போட்டோ எடுப்பார்கள். எடுத்துக்கொள்ளட்டும். எடுத்த பிறகு பூங்கொத்தைக் காம்போடு கிள்ளிப் போடுங்கள். மூன்று வருடம் வரை இப்படித்தான். பெரியவர்கள் யாராவது மறுத்தால் ஒரு கொத்தில் ஒரே ஒரு பிஞ்சை மட்டும் விட்டுவிடலாம், அதற்குக் கன்று தாங்கும்.